படகில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம்

தில்லிவாசிகளுக்கு "போட் கிளப்" என்றதும் படகு நினைவுக்கு வராது. 1988 அக்டோபரில் திகாயத் தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டியும் ஹுக்காவுமாக வந்து முகாமிட்ட அந்தப் புல்வெளிதான் நினைவுக்கு வரும். கோஷம் நிறைய, தண்ணீர் கொஞ்சம் என்பதுதான் நம் ஊர் போட் கிளப்பின் சரித்திரம். அப்படிப்பட்ட ஊரின் தமிழ்ச் சங்கப் பத்திரிகையில் மோட்டார் படகுப் பராமரிப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமே.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். முட்டுக்காடு, பிச்சாவரம், தேக்கடி, ஆலப்புழை, கன்னியாகுமரி என்று எங்கே போனாலும் குழந்தைகள் முதலில் கேட்பது படகுச் சவாரி. இங்கேயே இருந்தாலும் டெஹ்ரி அணை ஏரி இருக்கிறது, ஸ்ரீநகரில் தால் ஏரி இருக்கிறது. நம் யமுனையிலேயே சோனியா விஹாருக்கும் ஜகத்பூருக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டர் தூரம் சுற்றுலாப் படகு விடுவதற்கு 2025 மார்ச் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. படகு நம்மை விட்டாலும் நாம் படகை விடுவதாக இல்லை.

நான் கப்பல் பொறியாளன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெட்டிகளோடும் டீசல் எஞ்சின்களோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். சென்னையில் இருக்கும் என் மைத்துனர், பணி ஓய்வுக்குப் பின் முட்டுக்காடு காயலில் பொழுதுபோக்குக்காக 15 அடி நீளத்தில் ஒரு ஃபைபர் கிளாஸ் படகு வாங்கி, பின்னால் அவுட்போர்டு எஞ்சின் மாட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும், படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பதும் எனக்கு வாடிக்கையாகிவிட்டது. ரயில்வேயில் கற்ற பல விஷயங்கள் அங்கே அப்படியே பொருந்துவதையும், ஒரு விஷயம் மட்டும் அடியோடு பொருந்தாததையும் பார்த்தேன்.

பொருந்தாதது இதுதான். ஒரு ரயில் புறப்படும் முன் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்! கேரேஜ் ஊழியர்கள் அடியில் குனிந்து பார்க்கிறார்கள். பிரேக் அழுத்தம் கடைசிப் பெட்டி வரை வருகிறதா என்று சோதிக்கிறார்கள். எழுத்தில் சான்று தருகிறார்கள். ஓட்டுநர் தம் பங்குக்கு ஒரு முறை எஞ்சினைச் சுற்றி வருகிறார். பயணி நிம்மதியாக மேல் பர்த்தில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். சிறு மோட்டார் படகுக்கு இப்படி ஒரு படையே கிடையாது. ஓட்டுகிறவரே கேரேஜ் ஊழியர், அவரே கார்டு, அவரே ஸ்டேஷன் மாஸ்டர். அவர் பார்க்காமல் விட்டதை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. நீராவிப் படகுகளை மனத்தில் வைத்து ஆங்கிலேயர் 1917-ல் போட்ட உள்நாட்டு நீர்வழிக் கலச் சட்டம் நூறு ஆண்டுக்கு மேல் நடந்து, 2021-ல் புதிய சட்டம் வந்தது. பதிவு, ஆய்வுச் சான்று, பயிற்சி பெற்ற ஓட்டுநர் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் சான்றிதழ் என்பது ஆய்வாளர் வந்த நாளின் நிலைமையைச் சொல்வது. இன்று காலை எலி கடித்த பெட்ரோல் குழாயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கடந்த சில ஆண்டுகளின் விபத்துகளைப் பார்த்தால் இது விளங்கும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று "ஜலகன்யகா" என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் பலர். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள், படகுக்கும் போதிய நிலைத்தன்மை இல்லை என்பது பின்னர் பேசப்பட்டது. மலப்புறம் மாவட்டம் தானூரில் 2023 மே 7 அன்று இருட்டும் நேரத்தில் ஓடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அது மீன்பிடிப் படகாக இருந்து மாற்றிக் கட்டப்பட்டது, அளவுக்கு மேல் ஆட்கள் வேறு. வடோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் போனார்கள். அங்கும் அதிக பாரம்தான். பலருக்கு லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று மும்பையில் எலிஃபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த "நீல்கமல்" படகின்மீது, எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் விசைப்படகு கட்டுப்பாடு இழந்து மோதியதில் 15 பேர் இறந்தனர்.

புயல், சூறாவளி என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது. எல்லாம் கரையை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானிக்கப்பட்ட விஷயங்கள். ஆகவே அந்தக் கிளம்பும் முன் உள்ள பத்து நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சொந்தப் படகு வைத்திருப்பவர் நம் சங்கத்தில் ஓரிருவர் இருந்தால் அதிகம். ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்று பயணிக்குத் தெரிந்திருந்தால் படகுக்காரரும் பார்ப்பார்.

முதலில் அடிப்பாகம். ரயில் நிலையங்களில் முன்பெல்லாம் ஒருவர் நீண்ட சுத்தியலோடு வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார், பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது ஓட்டைப் பானைபோல் மந்தமாக ஒலிக்கும். ஃபைபர் கிளாஸ் படகுக்கும் இதே வைத்தியம்தான், சுத்தியலுக்குப் பதில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையையும், மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியின் அடியையும் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். "டக், டக்" என்று கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் "தொப்" என்று மாறினால், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன அல்லது உள்ளிருக்கும் மரம் தண்ணீர் குடித்து ஊறிப்போயிருக்கிறது என்று பொருள். பின்பலகை ஊறிப்போனால் எஞ்சின் ஒருநாள் படகை விட்டுத் தனியாகப் புறப்பட்டுவிடும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் பலகை அசைகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது டிரெய்ன் பிளக் என்னும் அடித்தக்கை. கரைக்கு ஏற்றிய படகிலிருந்து தேங்கிய தண்ணீரை வடிப்பதற்காகப் பின்பக்கம் கீழே ஒரு துவாரம் இருக்கும். சுமார் ஒரு அங்குல விட்டம். அதை மூடும் தக்கையை மறந்துவிட்டுப் படகைத் தண்ணீரில் இறக்குவது உலகம் முழுவதும் நடக்கும் கூத்து. ஒரு அங்குலம்தானே என்று நினைக்கக் கூடாது. நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குல ஓட்டை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். நான் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் 400 கிலோ, அதாவது ஆறு பெரியவர்கள் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்த மாதிரி. சிறு படகுகளில் தண்ணீரை வெளியேற்ற வைத்திருக்கும் மின்பம்பு, பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படியே மணிக்கு 500 காலன் என்றால், நிமிடத்துக்கு 30 லிட்டர்தான் ஆகிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் அதுவும் இல்லை. பம்பு ஓட்டையை ஜெயிக்காது.

உள்ளே புகுந்த தண்ணீர் வெறும் பாரம் மட்டுமன்று. ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். தட்டு இம்மியளவு சாய்ந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி, மேலும் சாய்த்துவிடும். படகின் அடிவயிற்றில் கிடக்கும் தண்ணீரும் அப்படித்தான். படகு இடப்பக்கம் சாயும்போது இடப்பக்கம் ஓடும். மனிதர்களும் அதே சமயம் அதே பக்கம் ஓடினால் சொல்ல வேண்டியதே இல்லை. அதனால் ஏறும்போது பலகைகளுக்கு அடியில் எட்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால், "மழைத் தண்ணீர் சார்" என்று பதில் வந்தாலும், அது இறைக்கப்பட்ட பிறகுதான் ஏற வேண்டும்.

இனி எரிபொருள். இதில்தான் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். காரில் பெட்ரோல் கொஞ்சம் கசிந்தாலும் அடிப்பாகம் திறந்திருப்பதால் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். படகு என்பதோ ஒரு தொட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்கு ஸ்டார்ட்டர் சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும். எஞ்சின் படகின் உள்ளேயே பெட்டிக்குள் இருக்கும் வகையாக இருந்தால், சாவியைத் திருப்புவதற்கு முன் காற்றோட்ட விசிறியை நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது விதி. விசிறி ஓடினாலும் மூடியைத் திறந்து மூக்கால் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது அதைவிடப் பெரிய விதி. நம் வீடுகளில் காஸ் சிலிண்டர் கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறக்கிறோமே, அதே நியாயம்.

எடுத்துச் செல்லும் வகை டாங்க் என்றால், அதைக் கரையில் இறக்கித் தரையில் வைத்துத்தான் பெட்ரோல் நிரப்ப வேண்டும். படகுக்குள் வைத்து நிரப்பினால் சிந்துவது அடியில் சேரும். பயணிகள் உட்கார்ந்திருக்கும்போதே கேனிலிருந்து ஊற்றும் காட்சியை நம் ஏரிகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம், பக்கத்தில் ஒருவர் பீடியோடு. அப்போது எழுந்து இறங்கிவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது. டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். நடுவில் இருக்கும் ரப்பர்க் குமிழை அழுத்தினால் சில அழுத்தங்களில் கெட்டியாக வேண்டும். தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. டாங்க் மூடியிலுள்ள காற்றுத் துளையைத் திறக்க மறந்தால், சிறிது தூரம் சென்றதும் எஞ்சின் பெருமூச்சு விட்டு நின்றுபோகும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தபின் தெரியவரும் ரகசியம் இது.

புதிதாக ஒரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. பல அவுட்போர்டு எஞ்சின் தயாரிப்பாளர்கள் 10 விழுக்காடு வரைதான் ஒப்புக்கொள்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீர்மீது மோகம் அதிகம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓர் அளவு தாண்டியதும் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயோ அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. தினமும் ஓடும் காரில் பெட்ரோல் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுவதால் இது தெரிவதில்லை. மாதக் கணக்கில் சும்மா கிடக்கும் படகில் தெரியும். எஞ்சினோடு வந்த கையேட்டைப் பார்ப்பது, தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துவது, பழைய பெட்ரோலை டாங்கில் விட்டுவைக்காமல் இருப்பது, பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றிவிடுவது இவ்வளவும் செய்ய வேண்டியிருக்கிறது.

எஞ்சினைக் கிளப்பியதும் முதலில் பார்க்க வேண்டியது சத்தத்தை அல்ல, பின்னால் ஒரு சிறு துவாரத்திலிருந்து குழாய்த் தண்ணீர்போல் பீச்சும் நீரை. அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, உடம்பைக் குளிர்வித்து, வெளியே விடும். அதற்கு உள்ளே ரப்பர் இறக்கைகள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. தண்ணீரில்லாமல் ஓடினால் சிறிது நேரத்திலேயே அந்த ரப்பர் கருகிவிடும். பீச்சும் நீர் நின்றால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். நம் ஏரிகளில் இதற்கு முக்கியக் காரணம் பாலிதீன் பை. உறிஞ்சும் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். கரையில் வைத்துச் சோதிக்க வேண்டுமானால் எஞ்சினின் கால்பகுதி மூழ்குமளவு ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். ரப்பர்ச் சக்கரத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது உத்தமம்.

எஞ்சினின் அடிப்பாகத்தில் பற்சக்கரங்களுக்கென்று தனியாக எண்ணெய் உண்டு. அதன் திருகைச் சற்றே தளர்த்தி ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் எண்ணெயாக இருந்தால் சரி. பால் விட்ட காபிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இதற்குப் பெரும்பாலும் குற்றவாளி தூண்டில் நரம்பு. மீன்பிடிப்பவர்கள் அறுத்துவிட்ட நைலான் நரம்பு புரொப்பெல்லரின் பின்னால் சுற்றிக்கொண்டு, உள்ளேயுள்ள எண்ணெய் சீலைக் கத்திபோல் அறுக்கும். ஆகவே அவ்வப்போது புரொப்பெல்லரைக் கழற்றி அச்சைத் துடைக்க வேண்டும். இந்த எண்ணெயை 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது வழக்கம். ரயில் எஞ்சின்களுக்கு நாங்கள் வைத்திருந்த மாதாந்தர, வருடாந்தர அட்டவணையின் குட்டித் தம்பிதான் இது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஓடிய மணி நேரம், செய்த வேலை மூன்றையும் எழுதி வந்தால் போதும். ஞாபகத்தை நம்பக் கூடாது, அதிலும் நம் வயதில்.

உப்புத் தண்ணீரைப் பற்றி ரயில்வேக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகிலேயே இரும்பு மிக வேகமாக அரிக்கும் இடங்களில் பாம்பனும் ஒன்று. 1914-ல் திறந்த அந்தப் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவதே பெரிய உத்தியோகமாக இருந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலமும் வந்துவிட்டது. படகு எஞ்சினில் துருவைச் சமாளிக்க ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். அடியில் ஒரு துண்டு துத்தநாகத்தைப் பொருத்திவிடுவார்கள். உப்பு நீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் அவற்றுள் ஒன்று கரையும். எஞ்சினின் அலுமினியத்துக்குப் பதிலாக இந்தத் துண்டு தன்னைக் கரைத்துக்கொள்கிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அழகுக்காக அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் தியாகம் செய்ய வழியில்லாமல் போகும், எஞ்சின் கரையத் தொடங்கும். நன்னீர் ஏரியில் துத்தநாகம் சரியாக வேலை செய்யாது. அங்கே மெக்னீசியத் துண்டு பொருத்துவார்கள்.

மின்சார விஷயங்களில் பேட்டரி ஆடாமல் பட்டையால் கட்டியிருக்கிறதா, முனைகளில் பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு இல்லையா என்று பார்த்தால் பாதிக் கவலை தீரும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். இறுகி வந்தால் கேபிள் உள்ளே துருப்பிடிக்கிறது. அது ஒருநாள் வளைவில் அறுந்துபோகும்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கும் ஒரு சாதனம். மின்சார லோக்கல் ரயில்களில் மோட்டார்மேன் கைப்பிடியை எப்போதும் அழுத்தியபடியே இருக்க வேண்டும். அவருக்கு மயக்கம் வந்து கை தளர்ந்தால் ரயில் தானே நின்றுவிடும். மோட்டார் படகிலும் இதே தத்துவத்தில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருக்கிறது. ஒரு முனை எஞ்சின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ இடுப்பிலோ. அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணைந்துவிடும். இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆளில்லாத படகு நேராகப் போகாது. புரொப்பெல்லரின் சுழற்சி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் தள்ள, படகு வட்டமடித்துக்கொண்டு, விழுந்தவர் நீந்திக்கொண்டிருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் இந்தக் கயிற்றை மாட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டமே வந்துவிட்டது. நம் ஊரில் இந்தக் கயிற்றின் முனையை ஸ்டியரிங்கிலேயே சுற்றிக் கட்டிவைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்தாயிற்று. மாட்டியிருந்தால் மட்டும் போதாது. கிளம்பும் முன் ஒருமுறை வெடுக்கென்று இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஐந்து விநாடி வேலை.

பழுது பார்த்த எஞ்சினை முதல் முறையாக ஓட்டிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பணிமனையிலிருந்து வந்த எஞ்சினை நாங்கள் நேராகப் பயணிகள் ரயிலில் கோத்துவிட மாட்டோம். தனியாக ஓடி, நின்று, மறுபடி ஓடிக் காட்ட வேண்டும். படகிலும் அப்படித்தான். பயணிகள் இல்லாமல், பக்கத்தில் வேறு படகுகள் இல்லாத திறந்த நீரில், மெதுவாகத் தொடங்கி. மும்பையில் நடந்ததற்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை.

எத்தனை பேர் ஏறலாம்? படகில் தகடு பதித்திருந்தால் அதில் உள்ளதே முடிவு. தகடு இல்லாத, 20 அடிக்குக் குறைந்த சாதாரணப் படகுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 15 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 5 பேர். தலைக்குச் சுமார் 68 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு அது. கல்யாண வீட்டிலிருந்து நேராகப் படகுத்துறைக்கு வரும் நம் குடும்பங்களுக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வது விவேகம். அமைதியான தண்ணீருக்குத்தான் இதுவும். முன்பதிவில்லாப் பெட்டியில் மேலும் இருபது பேர் ஏறினால் சௌகரியம் கெடும், வண்டி ஓடிவிடும். "இன்னும் ரெண்டு பேர்தானே" என்பதைத் தண்டவாளம் பொறுக்கும், தண்ணீர் பொறுக்காது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எழுந்து நின்று ஃபோட்டோ எடுப்பதும், மேல்தட்டில் கூட்டமாக ஏறுவதும் பாரத்தை உயரே கொண்டுபோய் வைப்பதற்குச் சமம்.

லைஃப் ஜாக்கெட் எல்லாப் படகுத் துறைகளிலும் இருக்கும், பெரும்பாலும் ஒரு மூலையில் குவியலாக. வியர்வை நாற்றம் என்று நம்மவர்கள் தொடுவதில்லை. தொட வேண்டும், தொட்டுச் சோதிக்கவும் வேண்டும். உள்ளே இருக்கும் நுரைத்துண்டை விரலால் அழுத்தினால் மறுபடி எழும்ப வேண்டும். பொடிப்பொடியாக நொறுங்கினால் அது வெறும் சட்டை. கொக்கியை மாட்டி இரு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் போடுவது போடாததற்குச் சமம். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவும். ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்துக் குழந்தையைத் தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கும் காதுக்கும் மேலே வழுக்கிப் போகாமல் இருந்தால் அளவு சரி. கால்களுக்கு இடையே போகும் பட்டை இருந்தால் அதையும் மாட்ட வேண்டும். நடுவில் வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று மடியில் வைத்திருப்பதில் பயனில்லை. கவிழும் படகு பொத்தான் போட நேரம் தராது.

தீயணைப்பான் இருந்தால் அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். பவுடர் வகையாக இருந்தால், படகின் அதிர்வில் பவுடர் அடியில் கட்டியாக இறுகிப்போகும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வைப்பது நல்லது. இவை தவிர ஒரு வாளி, ஒரு துடுப்பு, நீளக் கயிறு, நங்கூரம், விசில், டார்ச் இருக்கட்டும். வாளியைச் சிரிக்காதீர்கள். பயந்துபோன மனிதன் கையிலுள்ள வாளியைப் போன்ற பம்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

திரும்பி வந்தபின் எஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு உள்ளே தங்கிய உப்பையும் சேற்றையும் கழுவ வேண்டும். சும்மா கிடக்கும் எஞ்சினைப் பற்றி நம் தில்லியே ஒரு உதாரணம் தருகிறது. 2023 ஜூலை 13 அன்று பழைய ரயில்வே பாலத்தருகே யமுனை 208.66 மீட்டருக்கு ஏறியது. 1978-ன் 207.49 மீட்டர் சாதனை போயிற்று, பாலத்தில் ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வாரம் யமுனா பஜார் பக்கத்து மக்களை மோட்டார் படகுகளில்தான் மீட்டார்கள். வெள்ளத்துக்கென்று வைத்திருக்கும் படகுக்கு ஆண்டில் சில நாள்தான் வேலை, ஆனால் அந்தச் சில நாளில் முதல் இழுப்பிலேயே எஞ்சின் கிளம்பியாக வேண்டும். சீசன் இல்லாத மாதங்களிலும் வாரம் ஒருமுறை டிரம் தண்ணீரில் ஓட்டி வைப்பதுதான் அதற்கு வழி. வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே சிகிச்சை பொருந்தும் என்பது வேறு கதை.

இந்த விடுமுறையில் வாடகைப் படகில் ஏறப் போகிறவர்கள் ஓட்டுநரிடம் நான்கு கேள்வி கேட்டால் போதும். எத்தனை பேருக்கு அனுமதி? அடியில் தண்ணீர் இருக்கிறதா? அந்தச் சிவப்புக் கயிறு எங்கே? குழந்தை அளவில் ஜாக்கெட் இருக்கிறதா? தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார், பலகையைத் தூக்கியும் காட்டுவார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், ஏறுங்க" என்று பதில் வந்தாலும், சூரியன் சாய்ந்துவிட்டாலும், வடநாட்டில் என்றால் மேற்கே ஆந்தியின் பழுப்பு நிறம் தெரிந்தாலும், கரையிலேயே நின்று குழந்தைகளுக்குச் சுண்டலோ புட்டாவோ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் வரலாம். காலையில் காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு.